எருக்கமலை ஏற்றம்

எருக்கமலையை முப்பத்தொரு வருஷமாக வெட்டி, லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்த் தீர்த்துவிட்டார்கள். ஏற்றத்தை மட்டும் எடுத்துப்போகாமல் விட்டுவிட்டார்கள். மறந்து விட்டார்களா, அதை வாங்க ஆள் கிடைக்காமல் விட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏற்றத்தில்தான் ஒரு மாசி மாதக் காலையில் நான் என் சைக்கிளோடு தனியாகப் போய் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டது நான்தான் என்று அப்போது நினைத்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஈரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுவதும் ஊராரின் கண்ணுக்கு முன்னால் எழுத்துப் பலகையைப் பிடித்து, 'இது தெரிகிறதா, இது தெரிகிறதா' என்று கேட்டுக்கொண்டிருப்பவன், ஞாயிற்றுக்கிழமையானால் இறுக்கமான கால்சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் மலை ஏறப் போய்விடுவேன். எங்களுக்கு 'ஏறுமுகம்' என்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. டாக்டர்கள், வக்கீல்கள், ஒரு ஜவுளிக்கடை முதலாளி, என் மச்சான் தனகோபால் என்று இருபத்தெட்டுப் பேர். குழுவில் ஒரே ஒரு சட்டம்தான்: ஏற்றத்தில் காலை ஊன்றக் கூடாது. மூச்சு வாங்கலாம், வாந்தி எடுக்கலாம், அழக்கூடச் செய்யலாம், ஆனால் இறங்கித் தள்ளக் கூடாது. தள்ளியவன் பெயரைக் குழுவில் ஒரு மாதத்துக்குத் 'தள்ளுவண்டி' என்று மாற்றிவிடுவார்கள். போன கார்த்திகையில் நான் தள்ளுவண்டியாக இருந்தேன். அந்த மாதம் பார்த்து ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "நம்ம தள்ளுவண்டிக்கு இன்னொரு அப்பளம் போடுப்பா" என்றான் என் மச்சான். என் மருமகள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த மருமகளாகப்பட்டவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் தனியாகப் போக ஆரம்பித்தேன். தனியாகப் போவதில் அமைதி கிடைக்கும், ஆன்மா விரியும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதிலுள்ள ஒரே சௌகரியம்.

விடிவதற்குள் கிளம்பி, கோம்பைப்பிரிவில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சுரங்கப் பகுதிக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. இரண்டு பக்கமும் சிவப்பு மண். அலுமினியத்துக்காக பாக்சைட் எடுத்துக் கழித்த மண் அப்படித்தான் இருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். வேப்பமரத்தின் இலை சிவப்பு, நாயின் முதுகு சிவப்பு, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை சிவப்பு. தூரத்தில் இன்னும் முழுதாக வெட்டி முடிக்காத குன்றுகள் பாதி தின்ற நிலையில் நின்றன. எனக்கு முன்னால் கிடந்ததோ மேசைப் பலகை போலச் சமமான வெட்டவெளி. அதில் ஏழு கிலோமீட்டரில் மேலக்காடு என்று ஒரு கல் சொன்னது. நேராகப் போகும் தார்ச் சாலை புல் முளைத்துக் கிடந்தது. அதை விட்டுவிட்டு ஜனங்கள் அந்தச் சமதரையிலேயே இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து நடந்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள், சமதரையில். என்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துக்கொண்டே நேர்ச் சாலையில் சைக்கிளை விட்டேன். இருபது அடி போவதற்குள் சைக்கிள் பின்னால் உருண்டது.

வளைந்த பாதைக்குத் திரும்பினேன். கைப்பிடியில் இருக்கும் மீட்டர் சரிவு பூஜ்யம் என்றது. அதே மீட்டர் என் நெஞ்சு நிமிஷத்துக்கு நூற்று எழுபத்தொன்று அடிக்கிறது என்றது. முதல் வளைவில் கடைசிப் பல்லுக்கு வந்துவிட்டேன், அதற்குக் கீழே மாற்ற கியர் இல்லை. இரண்டாம் வளைவில் தொடை நடுங்கியது, மூன்றாம் வளைவில் காது அடைத்தது, காற்று குளிர்ந்தது. நான்காம் வளைவில் நான்கு பக்கமும் பார்த்தேன். ஒரு மனித ஜீவன் இல்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். ஐந்து வளைவுகள், ஒன்றே முக்கால் மணி நேரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு முழம்கூட உயராத தரையில், முன்னால் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

உச்சியில் ஒரு டீக்கடை இருந்தது. உச்சி என்று சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை, ஆனால் அங்கே வந்ததும் கால் தானாகத் தெரிந்துகொண்டது. கடைக்காரன் சீரங்கனுக்கு முப்பது வயதிருக்கும், சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தான். ஒன்பதாம் வளைவில் நான் தள்ளிக்கொண்டு வருவதை வாசலில் நின்றே பார்த்திருக்கிறான். சொம்பில் தண்ணீரோடு எதிரே வந்து, ஒரு கையால் சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

"மொதல்ல உக்காருங்க சார். பேசாதீங்க. இங்க வர்றவங்க யாரும் வந்தவுடனே பேச மாட்டாங்க."

உட்கார்ந்தேன். அவன் சைக்கிளைச் சுண்டிப் பார்த்தான். "இரும்பு இல்லீங்களே, என்ன இது?"

"அலுமினியம்."

"அட, அப்ப எங்க மலைதான் சார் இது! மலையே மலை ஏறி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவனே ரசித்துச் சிரித்தான். எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

டீ ஆறுகிற நேரத்தில் அவன் சொன்ன கதை இது. மலை மேல் இருந்த ஊர்தான் மேலக்காடு. வெட்ட வெட்ட, வெட்டி முடித்த பக்கத்தில் வீடுகளை மாற்றிக் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு பனை உயரம் என்று மலையோடு சேர்ந்து ஊரும் இறங்கியது. கடைசி லாரி போன மறுநாள் காலையில், இனிமேல் சமதரைதானே என்று கையை வீசிக்கொண்டு தண்ணீருக்குப் போன பெண்கள், திரும்பும்போது வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, வழக்கமாகக் குடத்தை இறக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. "ஏத்தம் இங்கயேதான் இருக்குது" என்று வீட்டில் வந்து சொன்னார்கள், வீட்டிலிருந்தவர்கள் "அது எங்க போகும்" என்றார்கள். அவ்வளவுதான்.

ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைக் கயிற்றில் கட்டி விளையாடினார்கள், இல்லாவிட்டால் அது கோம்பைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆடுகள் பழைய செங்குத்துப் பாறை இருந்த இடத்துக்கு நாலு அடி முன்னாலேயே நின்றுகொண்டன. மாதம்மாள் என்று ஒரு விறகுக்காரி அங்கே காலை வைத்து, தட்டையான தரையில் நடந்துகொண்டிருந்தவள், எலும்பெல்லாம் நொறுங்கிச் செத்துப்போனாள். பிணத்தை அறுத்துப் பார்த்தவர்கள் லாரி மோதியது என்று எழுதினார்கள், கடைசி லாரி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. செல்போனுக்கு சிக்னல் கிடையாது, இல்லாத மலை மறைக்கிறது. கார்த்திகைக்கு ஆளுயரக் கம்பத்தில் ஏற்றும் தீபம் மூன்று தாலுக்காவுக்குத் தெரிகிறது. பஸ் முதல் கியரில் அலறிக்கொண்டு வரும், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று கிளட்ச் போனதும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அளக்க வந்த சர்வேயர் ஒருவர் கருவியை வைத்து, குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்து, 'சமதளம்' என்று எழுதிவிட்டு, அங்கேயே மல்லாந்து படுத்து, இரண்டு சோடா குடித்த பிறகுதான் எழுந்து போனார்.

"எல்லாத்தையும் சமாளிச்சுக்கிட்டோம் சார். ஒண்ணுதான் பயமா இருக்கு" என்றான் சீரங்கன்.

அந்த ஒன்று, நர்ஸ். மலைக்கிராமம் என்றால் கொஞ்சம் ஜனம் இருந்தாலும் ஒரு நர்ஸ் கொடுப்பார்கள். சமவெளி என்றால் இரண்டு பங்கு ஜனம் வேண்டும். மலை போய்விட்டதால் மேலக்காடு சமவெளி ஆகிவிட்டது என்று தாள் வந்திருக்கிறது. பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஒன்பது வளைவு இறங்குவதற்குள், நர்ஸ் வருவதற்கு முந்தைய காலத்தில், இரண்டு பேர் வழியிலேயே போயிருக்கிறார்கள். நான்கு வருஷமாக ஜெபசெல்வி நர்ஸம்மா இங்கேயே தங்கியிருப்பதால் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஊர் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டது: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற பெண், வளைகாப்பை அங்கே முடித்துக்கொண்டு, நாள் நெருங்கியதும் புருஷன் வீட்டுக்கு ஏறி வந்துவிடுவாள். சீரங்கனின் மனைவி பூங்கொடியும் கிழக்குப் பக்கம் கீழேயிருந்து இன்று ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"ரத்தம் கம்மியா இருக்குன்னு நர்ஸம்மா மாத்திரை குடுத்தாங்க. மெதுவா உக்காந்து உக்காந்து வரச் சொல்லியிருக்கேன். அவங்க அம்மா கூட வர்றாங்க. நான் போயிருப்பேன், ஆனா இன்னிக்குத்தான் ஆபீசர் பார்வைக்கு வர்றாரு. ஊர்ல எல்லாரும் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டோம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப்பின் முனகல் கேட்டது. மாவட்டத்திலிருந்து வந்த அந்த அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும், மரியாதையான மனுஷர், எல்லோரையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசினார். ஜீப்பின் மூக்கிலிருந்து ஆவி பறந்தது. டிரைவர் என்னிடமிருந்து சொம்பை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினான். "பழைய வண்டி" என்றார் அதிகாரி, யாரும் கேட்காமலேயே.

முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நர்ஸம்மாவும் வந்து நின்றாள். ஒல்லியான பெண், தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். சீரங்கன் ஒரு குடம் தண்ணீரைக் கடை வாசலில் கவிழ்த்தான். தண்ணீர் பாதி மேற்கே ஓடியது, பாதி கிழக்கே ஓடியது.

"வாசல் போடும்போதே அப்படிப் போட்டிருப்பீங்க" என்றார் அதிகாரி. "நீங்க சொல்றத நான் நம்பலன்னு இல்ல. ஆனா நான் எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு பாருங்க. உங்களுக்கு நர்ஸ் வேணும், அதனால மேடுங்கிறீங்க. ஊர்ச் சம்பந்தம் இல்லாத ஒருத்தர் சொன்னா எழுதிடுவேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சீரங்கன் முகத்தில் வந்த சந்தோஷத்தை இங்கே எழுதாமல் விட முடிந்தால் விட்டிருப்பேன்.

"சார் இப்பதான் சைக்கிள்ல வந்தாரு! வெளியூரு. சாரைக் கேளுங்க!"

அதிகாரி என் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார். "பதிவுக்காக ஒரு வீடியோ எடுத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பேரு, ஊரு சொல்லுங்க."

சொன்னேன்.

"ஈரோடா? ஏறுமுகம் குரூப்பா? டாக்டர் விசுவநாதன் இருக்காரே, எனக்குத் தூரத்துச் சொந்தம். பிரமாதமா ஓட்டுவீங்களாமே எல்லாரும்."

விசுவநாதன்தான் குழுவில் பெயர் மாற்றுகிறவர்.

"சரி, சொல்லுங்க. கோம்பைப்பிரிவுலேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டியே வந்தீங்களா, எங்கயாவது எறங்கித் தள்ள வேண்டியதா இருந்துச்சா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். தள்ளினேன் என்று ஒரு சொல் போதும். எதிரே நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் போனின் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்து அப்பளம் கேட்டார்கள்.

"ஓட்டியேதான் வந்தேன்" என்றேன்.

சீரங்கன் ஒரு நிமிஷம் தனக்குக் காது சரியில்லையோ என்பது போல நின்றான். "சார், தள்ளிக்கிட்டுதானே வந்தீங்க? நான் பாத்தேனே. சைக்கிளை நான்தானே வாங்கி வச்சேன்?"

"அது... கடைசியில கொஞ்ச தூரம் இறங்கி நடந்தேன். சும்மா, இயற்கையைப் பார்த்துக்கிட்டு."

அந்த ஊரில் பார்ப்பதற்குச் சிவப்புக் குழிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நர்ஸம்மா நேராக என்னிடம் வந்து, அனுமதி கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"நூத்திப் பதினெட்டு. வந்து உக்காந்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் இறங்கல. ஓட்டினாரோ தள்ளினாரோ எனக்குத் தெரியாது சார். மேடு ஏறி வந்தவரோட நாடி இது."

"வயசாச்சில்லம்மா" என்றார் அதிகாரி, இரக்கத்தோடு. பிறகு மீட்டரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சரிவு பூஜ்யம். அதையும் படம் எடுத்துக்கொண்டார். நிமிஷத்துக்கு நூற்று எழுபத்தொன்று என்று அதே மீட்டர் சொன்னதை நான் காட்டவில்லை. அதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

"சார், இந்த மாசம் மூணு பேரு இருக்காங்க" என்றாள் நர்ஸம்மா. "பூங்கொடிக்கு நாளைக்கோ நாளன்னிக்கோ. ரத்தம் வேற கம்மி. அவளை மட்டுமாவது பாத்துட்டு வர்றேன்."

"சமதளத்துல பதினாலு கிலோமீட்டர்ல ஆஸ்பத்திரி இருக்கும்மா. சைக்கிள்லயே போயிடலாம் போலிருக்கு." அவர் கேலியாகச் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னார். "இன்னைக்கே வந்து அங்க சேர்ந்துடுங்க. ஆர்டர் இருக்கு."

நர்ஸம்மா எடை மெஷினையும், தடுப்பூசிப் பெட்டியையும், இரண்டு சேலைகளையும் எடுத்து வர இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் ஜீப்பை மறிக்கவில்லை. மலையையே கொடுத்தவர்கள் ஒரு நர்ஸை எப்படி மறிப்பார்கள்? சீரங்கன் மட்டும், பெரிய ஆபீசரைப் பார்த்து அழுதாவது திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டான். ஜீப் மேற்கே இறங்கியது. சமதரையில் அது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள், அதிகாரி உட்பட.

என்னை யாரும் திட்டவில்லை. ஒருவர் என் காலி கிளாஸை எடுத்து வைத்தார். ஒரு பெண் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். ஏற்றம் ஏறி வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்த ஊர் வழக்கம், அதை ஏன் என் பொருட்டு மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கலாம். கிழக்கே இறங்குகிற என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார்கள். அது நியாயம்தான்.

கிழக்குப் பக்கம் இறக்கம். மிதிக்காமலேயே சைக்கிள் பறந்தது. காற்று காதில் அடித்தது, மீட்டரில் நாற்பது, ஐம்பது, அறுபத்திரண்டு. என் வாழ்நாளில் அந்த வேகம் போனதில்லை. வெட்கத்தை மீறி, நெஞ்சின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வளைவில் அவளைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை தட்டையான தரையில், ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, முன்னால் குனிந்து ஏறிக்கொண்டிருந்தாள். கைகளில் பச்சை, சிவப்பு வளையல்கள் முழங்கை வரை. பின்னால் தலையில் துணிமூட்டையோடு அவள் அம்மா. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன்.

முகம் வெளுத்திருந்தது, உதடுகூட வெளுப்பு. மூச்சு அடங்கும் வரை பேசாமல் நின்றாள். பிறகு சிரித்தாள்.

"மேல டீக்கடையில டீ குடிச்சீங்களாண்ணா? எங்க வீட்டுக்காரரு கடைதான்."

"குடிச்சேன்."

"காலையிலேர்ந்து இடுப்பு ஒரு மாதிரி இருக்கு. பாதி வழியில அம்மா திரும்பிடலாம்னு சொல்லுது. கீழ போனா ரோட்டுல ஏதாச்சும் வண்டி கெடைக்கும், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்குது. நாந்தான் நம்ம நர்ஸம்மாகிட்டயே போயிடலாம்னு கூட்டிக்கிட்டு வர்றேன்." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நர்ஸம்மா மேல இருக்காங்கதானேண்ணா?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் யாரோ ஒருவன் பொய் சொன்னான் என்று சொல்ல வேண்டும். யார் என்று கேட்பாள்.

"இருக்காங்க" என்றேன்.

"பாத்தியாம்மா, நாந்தான் சொன்னேனே" என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் கையை முழங்காலில் ஊன்றினாள். "இன்னும் ஆறு வளைவுதான். நீங்க பாத்துப் போங்கண்ணா, இங்க எறக்கம் ஜாஸ்தி."

போனேன். பிரேக்கை விட்டதும் சைக்கிள் என்னைக் கொண்டுபோனது. ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தாள்.

அன்று இரவு குழுவில் என் இறக்கத்தின் வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். சமதரையில் எப்படி அறுபத்திரண்டு என்று கேட்டார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளியது, போதாக்குறைக்கு பிரேக் வேறு பிடிக்கவில்லை, எங்கேயும் நிறுத்த முடியவில்லை என்று எழுதினேன். என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். இன்றுவரை யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

பிரேக் நன்றாகவே பிடித்தது. அவள் கேள்வி கேட்கிற வரை நின்றேன், நான் பதில் சொல்லி முடிக்கிற வரை நின்றேன்.